ஒப்பீட்டுக்கு என் ரத்தம்

ஜூன் 10, செவ்வாய்

லூபஸ் கிளினிக் நாள். ஆய்வுக்கு ரத்தம் தர ஐந்து பேர் சம்மதித்திருந்தார்கள். கடைசியாக வந்தவள் ஜுலைகா. இருபத்தாறு வயது. உக்கடத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். கையில் நரம்பு கிடைக்கத் தேட வேண்டியிருந்தது.

"மாசாமாசம் எடுத்துட்டுப் போறீங்களே அக்கா, இதை வெச்சு என்னதான் பண்றீங்க?"

உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே உடம்பைத் தாக்குவதுதான் லூபஸ் என்று அவளுக்குத் தெரியும். மீதியைச் சொன்னேன். ஒவ்வொரு வெள்ளணுவைச் சுற்றியும் மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே கொஞ்சம் மின்னழுத்தம் உண்டு, உள்பக்கம் நெகட்டிவ். சவ்வில் இருக்கும் வாசல்கள் வழியே பொட்டாசியம் வெளியே போய்க்கொண்டிருப்பதால்தான் அது நெகட்டிவாக நிற்கிறது. அந்த இழுப்புக்குத்தான் கால்சியம் உள்ளே வரும். கால்சியம் போதுமான அளவு வந்துவிட்டால் அணு விழித்துக்கொண்டு சைட்டோகைன் என்கிற புரதங்களை வெளியே விடும். மற்ற அணுக்களுக்கு அதுதான் 'கிளம்பு' என்கிற உத்தரவு. லூபஸ் உள்ளவர்களுக்கு அந்தப் பொட்டாசிய வாசல்கள் அதிகம், அதனால் சின்னத் தூண்டலுக்கும் பெரிய உத்தரவு போகிறது என்பது எங்கள் ஊகம். வாசலை ஒரு மருந்தால் அடைத்தால் உத்தரவு குறைகிறதா என்று பார்க்கிறோம்.

"அப்ப எனக்குள்ள கரண்ட் ஓடுது."

"எல்லாருக்கும் ஓடுது."

"எனக்கு வோல்டேஜ் ஜாஸ்தி" என்று சிரித்தாள்.

மதியம், ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் ஜெரால்டு எனக்கு ரத்தம் எடுத்தார். நோயாளியின் அணுக்களோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் அணுக்கள் அதே நாளில் வேண்டும். முன்பு இரண்டு மாணவிகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போன வருஷக் கடைசியில் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். ஜெரால்டு ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இழுக்கிறார், அவர் ரத்தம் ஆகாது. எங்கள் தலைவர் டாக்டர் ஸ்டெல்லாவுக்குச் சர்க்கரை. மிச்சம் நான்தான்.

வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது. கடையில் வாங்கினேன். புளிப்பு.

ஜூன் 13, வெள்ளி

ஜனவரியிலிருந்து சேர்த்துவைத்த மாதிரிகளுக்குச் சைட்டோகைன் அளவு பார்த்த தட்டின் முடிவு வந்தது. குழி குழியாக இருக்கும் தட்டு. சைட்டோகைன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மஞ்சள். நோயாளிகளின் குழிகள் மஞ்சள். என் வரிசை வெளிறியிருக்க வேண்டும். அதுவும் மஞ்சள். போன வருஷம் ஒரு தடவை பார்த்தபோது என்னுடையது தண்ணீர் மாதிரி இருந்தது.

கழுவும்போது சரியாகக் கழுவவில்லையோ என்னவோ. மறுபடி செய்ய வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். காலையில் விரல்கள் மடங்கவே இல்லை. வாரம் பூராவும் பிப்பெட் பிடித்ததால் இருக்கும். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் பூபதியிடம் கொடுத்தேன். அவர் பம்ப் கம்பெனியில் மோட்டார் வடிவமைப்பவர். மூடியைத் திறந்துவிட்டு என் கையை வாங்கிப் பார்த்தார்.

"ஏன் கோகிலா, வெரலெல்லாம் இப்படி உப்பிக் கெடக்குது?"

"தண்ணியில ஊறுச்சுங்க."

பொள்ளாச்சியிலிருந்து அத்தை, பூபதியின் அம்மா, போனில் பேசினார். குசலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நின்றார். "அந்த லேப்புல கண்ட மருந்தையும் தொட்டுத் தொட்டுத்தான் அம்மிணி ரெண்டும் நிக்காமப் போச்சு. ஒரு வருஷம் லீவு போட்டுட்டு வீட்டுல இரு." சரிங்க அத்தை என்றேன். இரண்டாவது கரு கலைந்தது போன கார்த்திகையில். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

பொட்டாசியம் கரைசலைப் புதிதாகத் தயாரித்தேன். என் வரிசை அதே மஞ்சள்.

ஜூலை 4, வெள்ளி

ஜெரால்டின் அறையில் நாள் முழுக்க. அவர் வேலை தனி அணுக்களின் மின்னழுத்தத்தை நேரடியாக அளப்பது. முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியை அணுவின் மேல் கொண்டு வைத்து, மறுமுனையில் இருக்கும் ரப்பர் குழாயை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சுவார். சவ்வு நுனியோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே சாலையில் டவுன் பஸ் போனால்கூடச் சில நேரம் விட்டுப்போகும்.

ஜுலைகாவின் அணுக்களில் பொட்டாசிய ஓட்டம் பலமாக இருந்தது. அடுத்து என்னுடையவை. திரையைப் பார்த்துக்கொண்டே ஜெரால்டு, "ஏறக்குறைய அதேதான்" என்றார்.

"சாம்பிள் மாறிப்போச்சா?"

"நான்தானே லேபிள் ஒட்டினேன், கோகிலா."

இன்னொரு நாள் செய்யலாம் என்று எழுந்துவிட்டேன். கால் மரத்துப்போயிருந்தது. செருப்பின் வார் பதிந்த தடம் பாதத்தில் அப்படியே நின்றது. பழைய செருப்பு, மாற்ற வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

ஜுலைகாவின் கண்ணுக்குக் கீழே வீக்கம். ரத்தம் எடுக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்கா, மாத்திரைய நிறுத்திட்டேன். ஒரு மாசம் ஆச்சு. ஸ்டீராய்டு சாப்ட்டா மூஞ்சி பந்து மாதிரி ஆயிடுது. வர்ற வாரம் மாப்பிள்ளை வீட்லருந்து பாக்க வர்றாங்க. நிச்சயம் முடிஞ்சதும் ஆரம்பிச்சிடறேன். மேடம்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சிறுநீரகம் கெட்டுப்போயிடும் ஜுலைகா. திடீர்னு நிறுத்தவே கூடாது."

"எனக்கு ஒண்ணும் வலிக்கலையே."

"வலிச்சாத்தான் நோயா?"

நான் ரத்தம் எடுத்த டியூப்களை ஐஸில் வைத்துவிட்டு நேராக ஸ்டெல்லா மேடத்திடம் போய்ச் சொன்னேன். மேடம் அவளை உள்ளே அழைத்து வெகுநேரம் பேசினார். வெளியே வந்தவள் என் முன்னால் நின்றாள்.

"உங்களை நம்பித்தானே சொன்னேன்."

"உன் நல்லதுக்குத்தான்—"

"உங்களுக்கு வந்தாத் தெரியும்" என்றுவிட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

நான் செய்தது சரிதான். யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. வாய்க்குள் புண் வேறு. காரத்தைக் குறைக்க வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கிறது. ஆடிக் காற்று சேரவில்லை. குளியலறைச் சாக்கடையில் முடி அடைத்துக்கொண்டதால் பூபதி குச்சி விட்டு எடுத்தார். அவ்வளவும் என் முடி. உப்புத் தண்ணீர்.

கன்னம் இரண்டும் சிவந்திருக்கின்றன. வண்டியில் போவதால் வெயில் பட்டது என்றேன்.

"ரெண்டு வாரமா வெயிலில்லாம மூடாக்காத்தானே இருக்குது" என்றார் பூபதி.

நல்ல கிரீமாக ஒன்று வாங்க வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

ஆய்வுக் கூட்டம். ஆறு மாதத் தகவலையும் திரையில் போட்டேன். நோயாளிகளின் கோடும் ஒப்பீட்டுக் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கிடந்தன. ஸ்டெல்லா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"வித்தியாசமே இல்லைன்னா, இல்லைன்னு ஒத்துக்கணும். நம்ம ஊகம் தப்பா இருக்கலாம். அக்டோபர்ல இதை மூடிட்டு வேற பாக்கலாம்."

"வாசலை அடைச்சா சைட்டோகைன் குறையுது மேடம். அது தெளிவா தெரியுது."

"குறையுது. ஆனா உங்களுக்கும் அதே அளவு குறையுதே. அப்புறம் அது எப்படி நோயைப் பத்தின கண்டுபிடிப்பாகும்?"

மூன்று வருஷ வேலை. இந்த ஆய்வைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தேன்.

போகும்போது மேடம் சொன்னார்: "கடைசியா ஒண்ணு செய்யுங்க. இன்னொரு டோனரையும் சேர்த்துப் பாருங்க. ஒரே ஆளை நம்பிட்டிருக்க வேண்டாம்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஜுலைகா வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை.

பிசியோதெரபி பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ரத்தம் கொடுத்தாள். அவளுடையது, என்னுடையது, நான்கு நோயாளிகளுடையது. ஒரே கரைசல், ஒரே சாயம், ஒரே தட்டு. என் விரல்கள் சரியாக மடங்காததால் பாதியை ஜெரால்டு செய்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

புதுப் பெண்ணின் வரிசை வெளிறி இருந்தது. நோயாளிகள் மஞ்சள். நான்தான் எல்லோரையும்விட மஞ்சள்.

அந்தப் பெண்ணின் அணுக்கள் மந்தமானவை போலிருக்கிறது. இரண்டு நாளுக்கு முன்னால் சளி பிடித்திருந்ததா என்று கேட்க வேண்டும்.

ஜெரால்டு தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். வழக்கமாக என்னையும் கூப்பிடுவார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஜெரால்டு கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கோகிலா, இன்னும் ரெண்டு பேர்கிட்ட ரத்தம் வாங்கி வீக்எண்ட்ல ஓட்டினேன். ரெண்டு பேருக்கும் வெளிறித்தான் இருக்கு."

"என்கிட்ட கேக்காமயா?"

"கேட்டா விடமாட்டீங்க."

அவர் சொல்ல வந்தது என்னவென்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும், "சாயத்துல ஏதோ தப்பு இருக்கு" என்றேன்.

"சாயத்துல தப்புன்னா எல்லாருக்கும் தப்பா வரணும்."

"நோயாளிகளைவிட எனக்கு அதிகமா வருதே. அது எப்படி சாத்தியம்? நீங்களே யோசிங்க."

அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "அவங்க மாத்திரை சாப்பிடறாங்க. நீங்க சாப்பிடல."

வெளியே போங்கள் என்றேன். ஆறு வருஷமாகக் கூட வேலை செய்பவரிடம் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் போகவில்லை. நான்தான் எழுந்து போனேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கிளினிக் நாள். தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். பீன்ஸ் நறுக்கினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கழிப்பறையில் சில வாரமாகவே நுரை. பினாயில் என்று நினைத்திருந்தேன். இன்று கிளினிக் அலமாரியிலிருந்து சிறுநீர் சோதிக்கும் குச்சி ஒன்று எடுத்துக்கொண்டு போனேன். புரதம் இருந்தால் மஞ்சள் கட்டம் பச்சையாகும். நனைத்தவுடனேயே கரும்பச்சை.

குச்சிகள் காலாவதி ஆகியிருக்கலாம். டப்பாவைத் திருப்பித் தேதியைப் பார்த்தேன். ஆகவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

பூபதியிடம் சொன்னேன். அவர் வண்டியின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னேன்: விரல், கன்னம், முடி, காய்ச்சல், நுரை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும்போது என் குரல் எனக்கே விசித்திரமாக இருந்தது. இதே வரிசையை எத்தனை பேரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். யாராவது ஒருத்தி வந்து இவ்வளவும் சொல்லியிருந்தால், சொல்லி முடிக்கும் முன்பே மேடத்தின் அறைக்கு அனுப்பியிருப்பேன்.

"ரொம்ப நாளாத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். எண்ணெய் போன பிறகும் துடைத்தார்.

"தெரிஞ்சிருக்கும்" என்றேன் நானே. "இதுவும் போயிடுச்சுன்னா என்கிட்ட என்னங்க இருக்கும்னு நெனச்சேன்."

"எது?"

"உடம்பு. இதாவது ஒழுங்கா இருக்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவர் என்னைத் தொடவில்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. "செவ்வாக்கிழமை நானும் வர்றேன். உள்ள வரைக்கும் வருவேன்" என்றார். அப்புறம் செயினை மாட்டினார். இரண்டு முறை நழுவியது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். ரத்தம் கொடுக்க வந்து என்னைப் பார்த்த ஒரு அம்மா, "இன்னிக்கு இந்தப் பக்கம் உக்காந்துட்டீங்களே டீச்சர்" என்றார். எல்லோரையும் போல என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஸ்டெல்லா மேடம் என் விரல் மூட்டுகளை அழுத்திப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், காலை அமுக்கினார். குழி விழுந்தது. நெடுநேரம் எழுதினார். பேனாவை மூடிவிட்டு, "தினமும் பாத்துட்டிருந்தேனே கோகிலா. எனக்கே தோணல" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சிறுநீரகத்திலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும். வார்டில் சேரச் சொன்னார். பூபதி கதவருகே நின்றுகொண்டே கேட்டார்: "டாக்டர், ரெண்டு தடவ கரு கலைஞ்சதே. அதுவும் இதனாலயா?"

"ஒரு ஆன்டிபாடி டெஸ்ட் அனுப்பறேன். அது வந்தாத்தான் சொல்ல முடியும். ஆனா இருக்க வாய்ப்பு அதிகம்."

ஆகஸ்ட் 23, சனி

பெண்கள் வார்டு. முதுகில் ஊசி இறங்கிய இடம் கனக்கிறது. புரளக் கூடாது என்று நேற்று முழுக்க மல்லாக்கவே கிடந்தேன்.

ஜன்னலோரக் கட்டிலில் ஜுலைகா. பத்து நாளைக்கு முன்பே சேர்த்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தாளாம். கழுத்தில் குழாய். வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். சிறுநீரகம் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை.

இன்று எழுந்து நடக்க விட்டார்கள். அவள் கட்டிலருகே போனேன். என் கையில் இருந்த ஊசியைத்தான் முதலில் பார்த்தாள்.

"நர்ஸம்மா சொன்னாங்க. நான் நம்பல" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "அக்கா, அன்னிக்கு கோவத்துல சொல்லிட்டேன். என் வாய்தான்—"

"நீ சொன்ன அன்னிக்கே எனக்கு இருந்துச்சு ஜுலைகா. நீ சொல்லி வரல."

"நிஜமா?"

"ஜெரால்டு சாரைக் கேளு. திரையில பாத்தவர் அவர்தான். எனக்கும் உனக்கும் ஒரே மாதிரி இருந்துச்சு."

கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். "நீங்க ஏன்க்கா மேடம்கிட்ட சொல்லாம இருந்தீங்க?" என்று கேட்டாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

நான்காம் வகைச் சிறுநீரக லூபஸ். கடுமையான வகைதான், ஆனால் தழும்பு அதிகமில்லை. மருந்து கேட்கும் என்கிறார் மேடம். ஸ்டீராய்டு நரம்பு வழியாக இறங்குகிறது. வாயெல்லாம் இரும்புச் சுவை.

ஆன்டிபாடி முடிவும் வந்துவிட்டது. இருக்கிறது. நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாய்களில் ரத்தத்தை உறையவைக்கிற வகை. பூபதி வராந்தாவில் நின்று போனில் பேசியது கேட்டது.

"இல்லைங்கம்மா. அவ தொட்டதால இல்ல, தூக்குனதாலயும் இல்ல. டாக்டர் எழுதியே குடுத்துட்டாங்க... இல்லம்மா, நீங்க கேளுங்க மொதல்ல." உள்ளே வந்து, "அம்மா அழுகுது" என்றார்.

நானும் அழுதேன். கார்த்திகைக்குப் பிறகு இன்றுதான். குழந்தையைப் பற்றி மேடத்திடம் கேட்டேன். "இப்ப வேண்டாம். நோய் அடங்கி கொஞ்ச காலம் போகட்டும். அப்புறம் மருந்தோட முயற்சி பண்ணலாம். நிச்சயம்னு சொல்ல மாட்டேன்." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரை நம்புகிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வீடு திரும்பி ஒரு வாரமாகிறது. முகம் உருண்டுவிட்டது. இன்று ஆய்வகம் போனேன், கொஞ்ச நேரம்தான்.

புது ஒப்பீட்டு ரத்தங்களோடு ஜெரால்டு எல்லாவற்றையும் மறுபடி ஓட்டியிருக்கிறார். கோடுகள் பிரிந்துவிட்டன. நோயாளிகள் மேலே, மற்றவர்கள் கீழே. வாசலை அடைத்தால் மேலே இருப்பது இறங்குகிறது. கீழே இருப்பது அவ்வளவாக அசையவில்லை. ஊகம் தப்பில்லை. அதைக் கெடுத்துக்கொண்டிருந்தது நான்தான். மேடம் ஆய்வை மூடவில்லை.

என் பழைய அளவுகளையும், ஜூலையில் எடுத்து உறைநிலையில் வைத்திருந்த அணுக்களையும் நோயாளிகள் பக்கம் சேர்க்கலாம். அதற்கு நான் நோயாளியாகச் சம்மதம் தர வேண்டும். சம்மதப் படிவத்தை இன்னொருவர் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. "உங்களுக்கு மனப்பாடம்தானே, விட்ரலாமா?" என்றார் ஜெரால்டு. படியுங்கள் என்றேன்.

அந்தத் தமிழ்ப் படிவத்தை எழுதியதே நான். அவர் நிதானமாகப் படித்தார். 'இந்த ஆய்வில் பங்கு பெறுவதால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் கிடைக்காமல் போகலாம்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். எழுதியபோது இது எனக்கு வெறும் சட்டத் தேவை. இத்தனை பேர் இந்த வரியைக் கேட்டுவிட்டும் கையை நீட்டியிருக்கிறார்கள்.

"மேல படிங்க" என்றேன். முடித்ததும் கையெழுத்துப் போட்டேன்.

அணுக்களை இளக்கி, கால்சியத்துக்கு ஒளிரும் சாயம் ஏற்றினோம். ஜெரால்டு எழுந்து மைக்ராஸ்கோப் முன்னால் எனக்கு இடம் விட்டார். லேசான தூண்டல்தான். ஒன்று, பிறகு பக்கத்தில் ஒன்று, பிறகு கண்ணில் பட்ட இடம் முழுக்கப் பற்றிக்கொண்டன. எத்தனையோ தடவை பார்த்த அணுக்கள். என் நோய் என்று தெரிந்து பார்த்தது இன்றுதான். கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. தவறான உத்தரவுக்கு இவ்வளவு விசுவாசமாக வேலை செய்கின்றன.

ஜெரால்டு வாசலை அடைக்கும் மருந்தை ஒரு சொட்டு விட்டார். நெகட்டிவ் குறையக் குறைய, ஒளி ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கியது. முழுக்க அணையவில்லை. சில அணுக்கள் கடைசி வரை ஒளிர்ந்தன.

"எழுதிக்கலாமா?" என்றார்.

"எழுதுங்க. நோயாளி. பெண், முப்பத்தி நாலு."

செப்டம்பர் 10, புதன்

காலை மாத்திரைகள் போட்டாயிற்று. நாளைக்கு ஜுலைகாவுக்கு டயாலிசிஸ். அவள் அம்மாவுக்கு வேலைக்குப் போக வேண்டுமாம், கூட இருக்க ஆள் இல்லை. நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும், தாகம் என்று கெஞ்சுவாள். வாயில் வைத்துக்கொள்ள ஐஸ் கட்டி கொண்டு போகலாமா என்று நர்ஸிடம் கேட்டேன். கொஞ்சமாகக் கொண்டுவரலாம் என்றார். தட்டில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன்.